கல்லீரலுக்கு மட்டும்

வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்து, "மருமக எங்க வேலை பாக்கறாங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், மாமியாரின் முகம் மலர்ந்துவிடும். "கொழுப்பக் கரைக்கறதுக்கு மருந்து கண்டுபிடிக்கறா" என்பார். வந்தவர் சிரிப்பை அடக்குவது தெரிந்தால், "கல்லீரல்ல இருக்கற கொழுப்புங்க. வாய்க்கொழுப்புக்கு மருந்து கண்டுபிடிச்சா மொதல் டோஸ் என் மகனுக்குத்தான்" என்று அவரே சேர்த்துக்கொள்வார்.

மகன் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அதற்கெல்லாம் சேர்த்துப் பேசித் தீர்ப்பவர். மருமகளோ பேச்சில் சிக்கனம். "அத்தை, நான் கண்டுபிடிக்கறது மருந்து இல்ல. மருந்தா ஆகக்கூடியது" என்று கல்யாணமான புதிதில் நாலைந்து முறை திருத்திப் பார்த்தாள். "ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று மாமியார் கேட்டார். அதை விளக்கப் போய், டீ ஆறி ஆடை கட்டியதுதான் மிச்சம். பிறகு விட்டுவிட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் 'துருவி'. யார் எந்த முடிவைக் கொண்டுவந்து காட்டினாலும், எந்தப் புட்டியிலிருந்து எடுத்தீர்கள், அதற்கு முன்பு அந்தப் பாத்திரத்தில் என்ன இருந்தது, கழுவியது யார் என்று துருவித் துருவிக் கேட்பாள். பெயர் சூட்டியவர் பக்கத்துக் கட்டடத்துப் பொறியாளர். இவள் உள்ளங்கையில் அடங்கும் குடுவையில் செய்ததை அவர் ஆள் உயர எஃகுக் கலனில் கிலோ கணக்கில் செய்து தருபவர். பதிலுக்கு அவள் அவருக்கு வைத்த பெயர் 'பெரிய பானை'. உருவத்துக்கும் அது பொருந்திவிட்டதால் அவரால் மறுக்க முடியவில்லை.

அவள் அப்பா பெயின்ட் கடை வைத்திருந்தார். பெண் டாக்டராக வேண்டுமென்பது அவர் ஆசை. இடம் கிடைக்கவில்லை, கிடைத்தது வேதியியல். "டாக்டராவான்னு பாத்தா, இவளும் டப்பா கலக்கத்தான் போறா" என்று சித்தப்பா கேலி செய்தபோது அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுகை முதல் வருடத்தோடு முடிந்தது. ஒரு நாள் கல்லூரிக் கூடத்தில் தன் கையால் செய்த பொருள், குடுவை ஆற ஆற அடியில் வெள்ளை வெள்ளை ஊசிகளாக இறங்குவதைப் பார்த்தாள். சற்றுமுன் வரை உலகத்தில் இல்லாத ஒரு கைப்பிடிப் பொருள். அதற்கப்புறம் டாக்டர் என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை. மற்றவர்கள் எடுத்தாலும் அது உறைக்கவில்லை.

அவள் வேலை செய்த திட்டம் இதுதான். நம் கல்லீரலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கரு இருக்கிறது. அதற்குள் காவலுக்கு உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு புரதம். ஏற்பி என்பார்கள். அதன் வயிற்றில் ஒரு குழி. தைராய்டு சுரக்கும் ஹார்மோன் வந்து அந்தக் குழிக்குள் படுத்துக்கொண்டால், ஏற்பியின் வால்பகுதி மடிந்து குழியை மூடும். உடனே, 'கொழுப்பை எரி' என்று செல்லுக்கு உத்தரவு போகும். நல்ல விஷயம்தானே, அந்த ஹார்மோனையே மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் என்ன? கொடுக்க முடியாது. கல்லீரலில் இருக்கும் ஏற்பிக்கு இதயத்தில் ஒரு கூடப்பிறந்தது இருக்கிறது. இரண்டின் குழியும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றே. ஒரே ஒரு இடத்தில்தான் மாற்றம். இதயத்தில் இருப்பது விழித்துக்கொண்டால் இதயம் தறிகெட்டு அடிக்கும். கொழுப்பு கரையும், ஆள் இருக்கமாட்டான்.

அந்த ஒற்றை மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு, கல்லீரல் ஏற்பியை மட்டும் எழுப்பும் ஒரு சின்ன மூலக்கூறைச் செய்யவேண்டும். துருவி வருடக்கணக்கில் அதைத்தான் செய்தாள். ஹார்மோனின் உருவத்தைக் கணினித் திரையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கனமான அணுக்களைக் கழற்றிவிட்டு இலேசானவற்றை மாட்டினாள். ஒரு பக்கம் நீட்டினாள். குழிக்குள் போகவே மறுத்தது. குறுக்கினாள், போனது, ஆனால் வால் மடியவில்லை. கடைசியில் முனையில் ஒரு வளையத்தை வைத்தபோது கணக்கு சரியாக வந்தது. கல்லீரல் ஏற்பி அந்த வளையத்தைக் கைநீட்டி வரவேற்றது. இதய ஏற்பி கண்டுகொள்ளவில்லை. எலிகளுக்குக் கொஞ்ச நாள் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு இறங்கியது, இதயம் அதுபாட்டுக்கு இருந்தது. திட்டத் தலைவி, எதையும் எளிதில் பாராட்டாதவர், "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது பொன்னாடை போர்த்துவதற்குச் சமம்.

அந்தச் சமயத்தில்தான் கணவருக்கு வேலையிடத்தில் உடல் பரிசோதனை நடந்தது. கல்லீரலில் கொழுப்பு என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, துருவி வேலைக்குக் கிளம்பும்போது மாமியார் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க அத்தை."

"அந்தப் பொடிய ஒரு சின்ன டப்பால போட்டு கொஞ்சம் கொண்டாயேன். எலிக்கே குடுக்கறீங்க. இவன் என்ன எலியவிட மட்டமா?"

உள்ளேயிருந்து கணவர், "அம்மா, அத யோசிச்சுதான் பதில் சொல்லணும்!" என்று குரல் கொடுத்தார்.

துருவிக்குச் சிரிப்பு வந்தாலும் சிரிக்கவில்லை. "அது முடியாது அத்தை. மனுஷங்களுக்குக் குடுக்கலாமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது."

"நீதானம்மா செஞ்ச?"

"அதனாலதான் சொல்றேன்."

மாமியார் உள்ளே போய்விட்டார். ஆனால் அடுத்த சில நாட்கள் அவர் டம்ளரை வைக்கும் சத்தத்திலேயே வருத்தம் தெரிந்தது. பெற்ற மனசு, என்ன செய்யும்.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதற்கு முன்னால் எலிகளில் நீண்ட பரிசோதனை ஒன்று நடத்தியாக வேண்டும். அதற்குக் கைப்பிடி அளவு போதாது, நிறைய வேண்டும். பெரிய பானை தன் கலனில் காய்ச்சித் தந்தார். தூய்மை பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. விலங்குக் கூடத்தில் பரிசோதனை தொடங்கியது. துருவி அடுத்த வேலைகளில் மூழ்கினாள்.

பிறகு ஒரு காலையில் தலைவி எல்லாரையும் அறைக்குக் கூப்பிட்டார். விலங்குக் கூடத்துக் கால்நடை மருத்துவர் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தார். நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் ஒரே குரலில் சொல்லக்கூடிய மனிதர்.

"எலிகளுக்கு இதயம் வேகமா அடிக்குது. எல்லாத்துக்கும் இல்ல. அதிக அளவு குடுத்த கூட்டத்துல பெரும்பாலானதுக்கு. ரெண்டு செத்துப்போச்சு."

துருவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போன தடவ இப்படி இல்லையே" என்றாள்.

"போன தடவ கொஞ்ச நாள்தான் குடுத்தோம்" என்றார் தலைவி. "இப்ப நாள் கூட. மெதுவா இதயத்துலயும் வேலையக் காட்டுதுன்னுதான் எடுத்துக்கணும். இப்படி முடிஞ்ச திட்டங்கள நானும் பாத்திருக்கேன்." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் துருவிக்கு இன்னும் பயமாக இருந்தது. "மாசக் கடைசில மேலிடத்துக்குச் சொல்லணும். வேற காரணம் இருந்தா அதுக்குள்ள கொண்டுவாங்க. இல்லன்னா நிறுத்திடலாம்."

அன்று அவள் வீட்டுக்கு வந்ததும் கைப்பையை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். மாமியார் முகத்தைப் பார்த்ததும் கண்டுகொண்டார்.

"என்னம்மா ஆச்சு?"

சொன்னாள். எலிகள், இதயம், செத்துப்போன இரண்டு, எல்லாம். மாமியார் கேட்டுக்கொண்டே வந்தவர், மெல்ல நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார்.

"நான் டப்பால கேட்டேனேம்மா."

"ஆமா அத்தை."

"நீ கொண்டுவந்திருந்தா…" துருவியின் கையை இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். "நல்ல வேளை. நல்ல வேளைம்மா. அன்னிக்கு வாசல்ல நின்னு கோவமா என்னை நாலு வார்த்த சொல்லியிருந்தாலும் தகும்."

"கோவமெல்லாம் இல்ல அத்தை."

திட்டம் போனால் போகட்டும். எலியோடு போயிற்றே, அதுவே பெரிய காரியம் என்று அவளுக்குத் தோன்றியது. கணவர் வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் பேசாமல் மூவருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் துருவி துருவிதானே. மறுநாள் காலை பல் துலக்கும்போதே மனசு நோண்ட ஆரம்பித்துவிட்டது. நாள் கூட என்றால், எலிகளின் இதயம் மெல்ல மெல்லத்தானே ஏறியிருக்க வேண்டும்? நேராகக் கால்நடை மருத்துவரிடம் போனாள்.

"எப்பலேருந்து வேகமா அடிக்குது? கொஞ்சம் கொஞ்சமா ஏறிச்சா?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "இல்ல. ஆரம்பத்துலயே ஏறிடுச்சு. நாங்க ஒழுங்கா அளந்தது பின்னாலதான், ஆனா பழைய பதிவுலயும் தெரியுது."

அப்படியானால் நாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கூட்டத்துக்குக் கொடுத்த அளவும் முன்பு கொடுத்த அதே அளவுதான். மாறியது ஒன்றே ஒன்று: பொடி. முன்பு கொடுத்தது அவள் குடுவையில் செய்தது, இப்போது கொடுத்தது கலனில் காய்ச்சியது.

இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு வந்து கருவி முன்னால் உட்கார்ந்தாள். பொடியைக் கரைத்து, மெல்லிய குழாய் வழியே அழுத்தி அனுப்புவார்கள். உள்ளே வெவ்வேறு பொருட்கள் இருந்தால் அவை முன்னும் பின்னுமாக வெளியே வரும். திரையில் ஓடும் கோட்டில் ஆளுக்கொரு சிகரம் எழும். வழக்கமான முறையில் பார்த்தபோது இரண்டு பொடிக்கும் ஒரே சிகரம்தான். அவள் முறையை மாற்றினாள். கரைப்பானின் அமிலத்தன்மையைக் கூட்டினாள், ஓட்டத்தைக் குறைத்தாள், குழாயை நீளமானதாக மாற்றினாள். எப்படி மாற்றினாலும் ஒற்றைச் சிகரமே எழுந்தது. நம்பிக்கை கழன்றுகொண்டே போனது. வேறு வகைக் குழாய் ஒன்று அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. அதையும்தான் பார்ப்போமே என்று மாட்டினாள்.

அவள் குடுவைப் பொடி பழையபடி ஒரே சிகரம். கலனில் காய்ச்சியதற்கு, சிகரத்தின் வலப்பக்கச் சரிவில் ஒரு சின்னப் புடைப்பு இருந்தது. நெற்றியை இடித்துக்கொண்டவனின் வீக்கம் போல.

அவள் திரையில் வந்ததை அச்சடித்து எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்தாள். பெரிய பானை காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு ஒரு குழாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"அப்ப எல்லாம் என் பானையோட தப்புன்னு சொல்ல வர்றீங்க."

"தப்புன்னு சொல்லல சார். என்ன நடந்துச்சுன்னு கேக்கறேன்."

"நீங்க எழுதிக் குடுத்ததத்தான் செஞ்சேன். அதே சூடு, அதே காரக் கரைசல், அதே நேரம்."

"குளிர வைக்கறது?"

அவர் குழாயைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். காதிலிருந்த அடைப்பானை எடுத்தார். "உங்க குடுவைய ஐஸ்ல வெச்சா உடனே குளிரும். இவ்ளோ பெரிய வயிறு எப்படிங்க உடனே குளிரும்?" என்றார். குரலில் இறுக்கம் போய்விட்டிருந்தது. "அன்னிக்கு தண்ணி லைன்ல அழுத்தமும் கம்மி. சாப்டுட்டு வந்து தொட்டுப் பாத்தேன், அப்பவும் கதகதன்னுதான் இருந்துச்சு. சோதனைல சுத்தமா வந்துதேன்னு விட்டுட்டேன்."

"நானா இருந்தாலும் விட்டிருப்பேன். பழைய முறைல அது தெரியவே தெரியாது."

"நீங்களா? நீங்க விட்டிருக்க மாட்டீங்க" என்றார் அவர். சொல்லிவிட்டு, அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. சூட்டுல என்ன ஆகியிருக்கும்னு யோசிப்போம்."

இரண்டு பேரும் யோசித்தார்கள். காரமும் சூடும் சேர்ந்து நெடுநேரம் நின்றால் எது உடையும்? துருவி வரைந்து பார்த்ததும் அவளுக்கே விளங்கிவிட்டது. முனையில் அவள் வைத்த அந்த வளையம். அது திறந்து உதிர்ந்தால் மிஞ்சுவது, கிட்டத்தட்ட உடம்பிலேயே சுரக்கும் ஹார்மோனின் உடன்பிறப்பு. கல்லீரல், இதயம் என்ற பேதம் பார்க்காதது.

புடைப்பில் இருந்ததைத் தனியாகப் பிரித்தெடுக்க அவள் பட்டபாடு சொல்லி மாளாது. கடைசியில் புட்டியின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு தூள் சேர்ந்தது. ஏற்பி விழித்துக்கொண்டால் ஒளிவிடும்படி செய்துவைத்த செல்கள் கூடத்தில் இருந்தன. இதய ஏற்பி உள்ள செல்களில் அந்தத் தூளை மிகமிகக் கொஞ்சமாக விட்டார்கள். தட்டு முழுக்கப் பளிச்சென்று ஒளிர்ந்தது. அவளுடைய சுத்தமான மூலக்கூறை விட்ட தட்டு இருட்டாகவே கிடந்தது. இருட்டைப் பார்த்து அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

தலைவி எல்லாவற்றையும் கேட்டார். "இது காரணமா இருக்கலாம்" என்றார். "இதுதான் காரணம்னு எலிதான் சொல்லணும்."

"அதுக்குதான் வந்தேன் மேடம். சுத்தமா மறுபடி காய்ச்சி ஒரு கூட்டத்துக்குக் குடுப்போம். இன்னொரு கூட்டத்துக்கு, அதே சுத்தமான பொடில இந்த அழுக்க வேணும்னே கலந்து குடுப்போம். ரெண்டும் தெரியணும்."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேலிடத்துக்கு நான் சொல்லிக்கறேன். காத்திருக்கச் சொல்லி."

இந்த முறை பெரிய பானை ஒரு பெரிய கலனுக்குப் பதில் சின்னக் கலன்களில் பிரித்துக் காய்ச்சினார். குளிர்ந்த நீர்க் குழாய்க்குத் தனி பம்பு வைத்தார். துருவி பக்கத்திலேயே நின்றாள். வெப்பமானி முள் இறங்குவதை இரண்டு பேரும் பரீட்சை முடிவு பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீங்க மூச்சு விட்டா தப்பில்ல, முள்ளு அசையாது" என்றார் அவர். பொடியைப் புதிய குழாயில் பார்த்தபோது சிகரத்தின் சரிவு வழவழவென்று இருந்தது.

எலிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர. அதுதான் கொடுமை. வீட்டில் அவள் எதைக் கேட்டாலும் "ம்" என்றாள். கணவர் ஒரு நாள், "நான் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டார். "ம்" என்றாள். மாமியார் மகன் முதுகில் ஒன்று வைத்தார். அந்த நாட்களில் மாமியாரும் மகனும் சாயங்காலம் நடக்கப் போக ஆரம்பித்திருந்தார்கள். பொரித்தது வீட்டுக்குள் வருவது நின்றுபோயிருந்தது. மருந்து டப்பாவைப் பற்றி மாமியார் பேசவே இல்லை.

முடிவு வந்த காலை துருவி கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கால்நடை மருத்துவர் மாடிப்படி ஏறி வந்தார். முழங்கால் வலிக்காரர், அவர் ஏறி வந்து அவள் பார்த்ததேயில்லை. வாசலில் நின்று மூச்சு வாங்கினார். அந்த மூச்சு வாங்கல் முடிவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"சுத்தமானது குடுத்த கூட்டம்…" என்று தொடங்கி மறுபடி மூச்சு வாங்கினார்.

"சார், சொல்லிடுங்க."

"சாதாரணமா அடிக்குது. தண்ணி மட்டும் குடுத்த எலிக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல. கொழுப்பு நல்லா இறங்கியிருக்கு."

"கலந்து குடுத்த கூட்டம்?"

"அது ஓடுது, ரயில் மாதிரி."

அதே குரல்தான். ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். துருவி நுரைக் கையோடு, தண்ணீர்த் தொட்டியைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டாள். இத்தனை நாள் தோள்களை எவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்திருந்தாள் என்பது அவை இறங்கியபோதுதான் தெரிந்தது. குழாயை மூடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மருத்துவர்தான் வந்து மூடினார்.

பெரிய பானைக்குத் தொலைபேசியில் சொன்னாள். "என் பானையால ரெண்டு எலி போச்சேன்னு எனக்கு இத்தன நாளா சாப்பாடே எறங்கல" என்றார். "இனிமே எறங்கும்." தலைவி மேலிடத்துக்குச் சொல்லிவிட்டு வந்து, துருவியின் மேசைப்பக்கம் நின்று, "வீட்டுக்குப் போங்க" என்றார். "இன்னிக்கு உங்களுக்கு இங்க வேல இல்ல."

வெயில் இருக்கும்போதே அவள் வீட்டுக்குப் போய் வெகு காலமாயிற்று. மாமியார் கதவைத் திறந்ததும் பதறிப்போனார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாருக்கேன் அத்தை. எலியும் நல்லாருக்கு."

மாமியாருக்கு அவ்வளவு போதுமாக இருந்தது. வேறு ஒன்றும் கேட்காமல் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். துருவி செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நீள் இருக்கையில் சாய்ந்தாள். கணவர் வேலை முடிந்து வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலிருந்தே ஏதோ பேசத் தொடங்க, மாமியார் வாயில் விரல் வைத்து அடக்கினார்.

அந்த மூலக்கூறு அதற்குப் பிறகு அவள் கையைவிட்டுப் போய்விட்டது. அடுத்த பிரிவு வாங்கிக்கொண்டது. எண்களும் எழுத்துகளுமாக ஒரு பெயர் வைத்தார்கள். விருப்பப்பட்டு முன்வந்த ஆரோக்கியமான சிலருக்கு மிகக் கொஞ்சமாகக் கொடுத்து, இதயத்தைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்கள் இதயம் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. செய்தி வந்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில். அது மருந்தாகுமா, எப்போது ஆகும், யாருக்கு உதவும் என்பதெல்லாம் இன்னும் நெடுந்தொலைவு. கணவரின் கல்லீரல் அதற்காகக் காத்திருக்கவில்லை. நடையிலேயே பாதிக் கொழுப்பு போய்விட்டதாக மறுபரிசோதனையில் சொன்னார்கள். அம்மாவோடு நடந்தால் கொழுப்பு என்ன, எதுவும் ஓடிவிடும் என்கிறார் அவர்.

துருவிக்கு இப்போது வேறு ஒரு ஏற்பியைக் கொடுத்திருக்கிறார்கள். இதன் குழி முந்தையதைவிட அகலம். எதை வைத்தாலும் உள்ளே புரண்டுகொண்டே இருக்கிறது. வரைந்த முதல் படத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்குப் போனாள். பெரிய பானை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எத்தன டிகிரில ஒடையும்?" என்று கேட்டார்.

"இன்னும் செய்யவே இல்லையே சார்."

"செய்யறதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்கறேன்" என்றார் அவர், நாற்காலியை இழுத்துப் போட்டபடி.